பதினெட்டுப் பல்லும் ஆடிக்காற்றும்

லூதியானாவில் செய்ததானாலும் அம்பத்தூரில் செய்ததானாலும், கியர் இல்லாத 28 இஞ்ச் சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரும்பாலும் 18 பல் பிரீவீல்தான் மாட்டியிருக்கும். முன்னால் செயின்வீல் 44 பல். சில மாடலில் 48. வாங்கப்போகிறவர் தஞ்சாவூர்ச் சமவெளியில் தபால் கொடுக்கிறவரா, பணகுடிப் பக்கம் மீன் சுமக்கிறவரா என்பது தொழிற்சாலைக்குத் தெரியாது. அதைக் கேட்டுப் பல்லை மாற்றிக் கொடுப்பது கடைக்காரன் வேலை. வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில் என் கடை. பஞ்சர், ஓவராயில், கோட்டம் எடுப்பது எல்லாம் சோற்றுக்கு. பல் கணக்கு பார்ப்பது என் சொந்த ஆசைக்கு.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் அத்தனை சுற்று சுற்றும். சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டுமானால், வால்வு நேர் கீழே இருக்கும்போது தரையில் சாக்பீஸ் கோடு ஒன்று. ஆளை மேலே உட்கார வைத்து உருட்டி, வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. 28-க்கு ஒன்றரை டயரில் 2.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆக, பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போகிறது. பின்னால் 20 பல் போட்டால் 4.9 மீட்டர். 22 போட்டால் நாலரைக்குச் சற்றுக் குறைவு. 16 போட்டால் ஆறைத் தாண்டும்.

இங்கிலீஷ்காரர்கள் இதையே அங்குலத்தில் சொல்வார்கள். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்து, பெடல் அந்தச் சக்கரத்திலேயே மாட்டியிருந்த காலத்தில், சக்கரம் எத்தனை அங்குலமோ அதுதான் வண்டியின் கியர். செயின் வந்து சக்கரம் சிறுத்த பிறகும் அந்தப் பேச்சை அவர்கள் விடவில்லை. நம் கணக்கில் 28-ஐ 2.44-ஆல் பெருக்கினால் 68. ஐந்தடி எட்டங்குலம் உயரமுள்ள சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து நேராக மிதிப்பதற்குச் சமம். இப்படிச் சொன்னால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும்.

68 மோசமான கியர் என்று நான் சொல்ல மாட்டேன். சமதரை, சுமையில்லை, காற்றில்லை என்றால் நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போய்க்கொண்டே இருக்கலாம். உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஆரல்வாய்மொழி இல்லை, அவ்வளவுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் இருக்கிறது. அரபிக்கடல் பக்கமிருந்து வருகிற தென்மேற்குக் காற்று முழுவதும் அந்த இடுக்கு வழியாகத்தான் எங்கள் பக்கம் கொட்டும். வைகாசிக் கடைசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் ஓயாது. ஆடியில் உச்சம். முப்பந்தலில் இன்று வரிசை வரிசையாக நிற்கிற காற்றாலைகளெல்லாம் கருவி வைத்து அளந்து பார்த்து வந்தவை. எங்கள் சைக்கிள்காரர்களின் முழங்கால் அந்தச் செய்தியை அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்கு வரும் ஒருவர் ஒரு ஆனி மாதம் கடைக்கு வந்தார். பின்கேரியரில் அலுமினியப் பெட்டி, மீனும் ஐஸுமாக ஐம்பது கிலோவுக்கு மேல்.

“அண்ணாச்சி, வண்டி ரொம்பக் கனத்துக் கிடக்கு. பேரிங் போயிருக்கும்னு நினைக்கேன், பாருங்க.”

கனம் என்றால் எல்லாரும் பேரிங்கைத்தான் சொல்வார்கள். ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பேசிக்கொண்டிருந்தோம், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பேரிங்கில் ஒன்றுமில்லை. அவர் காலையில் சரக்கோடு வருவது மேற்கு நோக்கி, காற்றுக்கு எதிரே. மத்தியானம் வெறும் பெட்டியோடு திரும்புவது காற்றோடு. எதிர்காற்றின் தள்ளல் சும்மா கூடுவதில்லை, வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 12 கிலோமீட்டர் போகிறவர் மேல் எதிரே 24 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால் உடம்பில் படுவது 36. காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு வேகம். தள்ளல் ஒன்பது மடங்கு. அந்த ஒன்பது மடங்கை 18 பல்லை வைத்துக்கொண்டு மிதித்துவிட்டுப் பேரிங்கைக் குறை சொன்னால் எப்படி?

22 போடலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“பல்லு கூடுனா வேகம் போயிரும்லா? நான் பிந்துனா மீனு நாறிரும் அண்ணாச்சி.”

இந்தக் கேள்வி நியாயமானது. பல்லைக் குறைத்தால் வேகம், கூட்டினால் மந்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அதில் பொய் இல்லை. ஆனால் மனுஷன் எஞ்சினாயிற்றே. அவருடைய பலம் காலையில் என்னவோ அதேதான், பல்லை மாற்றினால் கூடிவிடாது. அந்தக் காற்றில் அவர் போகக்கூடியது 12 கிலோமீட்டர் என்று வையுங்கள். 18 பல்லில் அதற்கு நிமிஷத்துக்கு 37 சுற்று மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் சீட்டைவிட்டு எழுந்து உடம்புக் கனம் முழுவதையும் பெடலில் போட்டாக வேண்டும். 22 பல்லில் அதே வேகத்துக்கு 45 சுற்று. ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உட்கார்ந்தபடியே வரலாம். எழுந்து மிதிக்கிறவர் எவ்வளவு நேரம் மிதிப்பார்? ரயில்வே மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளுவார். அவருடைய நேரம் போகிற இடம் அந்தத் தள்ளல்தான். இறங்காமல் வருகிறவர் முந்துவார்.

திரும்பும்போது? வெறும் பெட்டி, பின்காற்று. 22 பல்லில் நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் வண்டி ஓடினால் கால் அதைப் பிடிக்க முடியாமல் சும்மா சுற்றும். சுற்ற வேண்டாம், நிறுத்திக்கொள் என்பேன். பின்னே பிரீவீல் எதற்கு இருக்கிறது? காற்று தள்ளிக்கொண்டு போகட்டும். ஒரே ஒரு கியர் உள்ள வண்டியில் எந்த நாளுக்காகக் கியர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதிலிருந்து வந்ததுதான். பல் கூடுதலாக இருந்தால் நல்ல நாளில் நாம் இழப்பது பத்து நிமிஷம். பல் குறைவாக இருந்தால் கெட்ட நாளில் இழப்பது முழங்கால். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சராசரி பார்க்கிறவர்கள் உண்டு. நான் பார்ப்பதில்லை. தப்பிக்க முடியாத தூரம் எது, அதில் எது கொடுமையான மாதம் என்று கேட்டு அதற்குத்தான் பல் போடுவேன்.

அவர் 22 போட்டுக்கொண்டு போனார். மறுவாரம் இன்னொரு மீன்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சுமை இல்லாதவர்களுக்கு எங்கள் பக்கம் 20 போதும். 44-க்கு 20. தொழிற்சாலையிலேயே அப்படி மாட்டி அனுப்பலாம் என்பது என் கட்சி, கேட்பாரில்லை. முன்பல்லைக் குறைத்தாலும் கனம் குறையும்தானே என்று சிலர் கேட்பார்கள். குறையும். ஆனால் முன்னால் ஒரு பல் குறைத்தால் கிடைப்பது இரண்டு சதவீதம் சொச்சம். பின்னால் ஒரு பல் கூட்டினால் ஐந்து. தவிர, நாட்டுச் சைக்கிளில் வலது கிராங்கும் செயின்வீலும் சேர்ந்தே வரும். அதை மாற்றுவது செலவு. பிரீவீலை வைசில் பிடித்துக் கழற்றிவிடலாம். அதுவும் லேசில்லை. ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கிக்கொண்டே வந்திருக்கும். வருஷக்கணக்கில் மிதிபட்டது கழலும்போது சத்தமே வேறு.

16 பல் கேட்டு வருகிறவர்களும் உண்டு. மீசை அரும்புகிற வயசு. பஸ்ஸோடு போட்டி போட வேண்டும். போட்டுக் கொடுப்பேன், வியாபாரம்தானே. ஆடி வந்தால் அவர்களே வருவார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 26 இஞ்ச் லேடீஸ் சைக்கிள் லேசாக இருக்கிறது என்று பெண்பிள்ளைகள் சொல்வதற்கு அதன் கனம் குறைவு என்பது மட்டும் காரணமில்லை. அதிலும் அதே 44, அதே 18. ஆனால் சக்கரம் சின்னது; ஒரு சுற்றுக்கு 2.07 மீட்டர்தான். 28-ஓடு பார்த்தால் ஏழு சதவீதம் லேசான கியர், அதாவது பின்னால் ஒன்றரைப் பல் கூட்டியதற்குச் சமம்.

பல்லைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. கிராங்கைப் பற்றிக் கேட்பார்கள். அதுவும் எப்போதும் ஒரே கேள்வி: நீளக் கிராங்க் போட்டால் பலம் கூடுமா?

ஆசாரி ஒருவர், கடப்பாரையும் நெம்புகோலும் தெரிந்தவர், என்னிடம் வாதாடியே விட்டார். வண்டியில் இருந்தது ஆறரை அங்குலக் கிராங்க், 165 மில்லிமீட்டர். ஏழு அங்குலம், அதாவது 178 போட்டால் நெம்பு நீளம் கூடும், அழுத்தம் குறையும். அவர் கணக்கு சரி. ஏழு சதவீதம் குறையும். ஆனால் சும்மா குறையாது. ஆறரையில் கால் ஒரு சுற்றுக்கு 1.04 மீட்டர் சுற்றி வருகிறது, ஏழில் 1.12. அழுத்தத்தில் மிச்சம் பிடித்ததை நடையில் கொடுத்துவிடுகிறோம். அதே மிச்சத்தைப் பின்னால் ஒன்றரைப் பல் கூட்டிப் பெற்றுக்கொள்ளலாம், முழங்காலைத் தொடாமல்.

முழங்கால்தான் விஷயம். கிராங்க் 13 மில்லிமீட்டர் நீண்டால் பெடல் கீழே 13 மில்லிமீட்டர் இறங்கிவிடும். கால் எட்ட வேண்டுமே, சீட்டை அந்த அளவு இறக்குவோம். இப்போது பெடல் மேலே வரும்போது என்ன ஆகிறது? பெடல் 13 ஏறியிருக்கிறது, சீட் 13 இறங்கியிருக்கிறது. முழங்கால் மடங்குகிற இடத்தில் இடைவெளி 26 மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது. கிராங்கில் அரை அங்குலம் என்பது முழங்காலில் ஒரு அங்குலம். மாடிப்படியில் ஒவ்வொரு படியையும் ஒரு அங்குலம் உயர்த்திக் கட்டினால் ஏறுகிறவர் நாள் முழுக்க எப்படி ஏறுவாரோ, அப்படித்தான். நெடிய ஆசாமிக்கு அது ஒன்றுமில்லை. ஐந்தடி ஆளுக்கு அது வேலையைக் காட்டிவிடும். ஆசாரி நல்ல உயரம். ஏழு அங்குலம் போட்டுக் கொடுத்தேன், அவருக்குப் பொருந்திப் போயிற்று. முன்மட்கார்டில் செருப்பு உரசுகிறது என்று மட்டும் பின்னால் சொன்னார். அதுவும் நீளக் கிராங்கோடு வருகிற சீர்தான்.

இதற்கு நேர்மாறானது அங்கன்வாடி டீச்சர் ஒருவருடைய வண்டி. அவருக்குக் கிடைத்தது பழைய 28 இஞ்ச் லேடீஸ் பிரேம். டீச்சர் ஐந்தடிக்கும் குறைவு. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் பெடல் கீழே போகும்போது விரல்நுனிதான் தொடும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். மேலே வரும்போது முழங்கால் வயிற்றை நோக்கி வரும்.

“மிதிச்சு முடிச்சு எறங்குனா முட்டி ரெண்டும் விண்ணுவிண்ணுங்கு அண்ணாச்சி. எண்ணெ போட்டுப் பாத்தாச்சு, கேக்க மாட்டுக்கு.”

சீட்டை இறக்க இனி இடமில்லை. பிரேமைச் சின்னதாக்க முடியாது. மிச்சமிருப்பது கிராங்க். 24 இஞ்ச் சின்னச் சைக்கிளிலிருந்து கழற்றி வைத்திருந்த ஆறு அங்குலக் கிராங்க் செட் ஒன்று இருந்தது. செயின்வீல் 40 பல். அதைப் போட்டேன். கீழ்ப்பெடல் அரை அங்குலம் மேலே வந்தது, மேல்பெடல் அரை அங்குலம் கீழே இறங்கியது. நெம்பு நீளம் குறைந்தால் மிதி கனக்க வேண்டும். ஆனால் முன்னால் 44 போய் 40 வந்ததால் கியரும் இறங்கிவிட்டது, பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்தத்தில் மிதி முன்பைவிடக் கனமில்லை, கொஞ்சம் லேசுதான். பின்னால் 18-ஐத் தொடவே வேண்டியிருக்கவில்லை. டீச்சர் கடை முன்னால் ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து, “இது சின்னப்பிள்ளை வண்டி மாதிரில்லா இருக்கு” என்றார். குறையாகச் சொன்னாரா நிறைவாகச் சொன்னாரா என்று அன்றைக்குத் தெரியவில்லை. வண்டியை மாற்றாமல் பல வருஷம் ஓட்டினார்.

பல், கிராங்க் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு ஒன்று உண்டு. அதைச் செய்தவர் என்னைப் போலக் கடையில் வேலை பார்த்தவர்தான். ஷெல்டன் பிரவுன் என்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து சைக்கிள் கடை மெக்கானிக், 2008-ல் இறந்துபோனார். கால் ஒரு அடி நகர்ந்தால் வண்டி எத்தனை அடி நகர்கிறது என்பதுதான் அவர் கேள்வி. சக்கரத்தின் ஆரத்தைக் கிராங்க் நீளத்தால் வகுத்து, பல் கணக்கால் பெருக்க வேண்டும். மீட்டரிலும் அங்குலத்திலும் பார்க்கும்போது கிராங்க் கணக்கில் வருவதே இல்லை, இதில் வந்துவிடுகிறது. 28 இஞ்சில் ஆறரை அங்குலக் கிராங்க், 44-க்கு 18 என்றால் 5.3. ஆசாரியின் ஏழு அங்குலம் 4.9. டீச்சர் வண்டி 5.2. மீன்காரர் வண்டி 4.3. கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிற பையன் ஒருவன் என் கடை நிழலில் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுத்தான். அதற்குப் பிறகு கிராங்க் பேச்சு வந்தால் கடைச்சுவரில் சாக்பீஸால் இதைத்தான் எழுதிக் காட்டுகிறேன்.

அவனே இன்னொன்றும் சொன்னான். ஜிம் மார்ட்டின் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாவும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு. பழகிய சைக்கிள்காரர்களை 120 மில்லிமீட்டரிலிருந்து 220 வரை ஐந்து விதக் கிராங்கில் முழு மூச்சாக மிதிக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் வெளிப்படுத்திய உச்சபட்ச சக்தியில் மொத்த வித்தியாசமே நாலு சதவீதம்தான். 145-க்கும் 170-க்கும் நடுவே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அது சில விநாடி ஓட்டத்தின் கணக்கு, மீன் பெட்டியோடு இருபது கிலோமீட்டர் போகிற கணக்கில்லை என்பது தெரியும். ஆனாலும் “சின்னக் கிராங்க் போட்டா பலம் போயிரும்” என்கிறவர்களிடம் சொல்ல எனக்கு அது போதும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களைக் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழக வைத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஜென்ட்ஸ் வண்டியிலேயே பலர் பழகினார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் போவது கிராங்குக்குத்தான். ஆண்களின் உயரத்துக்கு வைத்த ஆறரை அங்குலம் அது. அதையும் மீறி மிதித்தார்கள். வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் அடித்துப் பழகிய நாங்களும் அப்படித்தான். பாருக்குக் கீழே கால் விட்டுப் பாதிச்சுற்று மிதித்து மறுபடி பின்னால் இழுத்து மிதித்ததற்குக் காரணம், முழுச்சுற்றுக்குச் சின்னப்பிள்ளையின் கால் போதாது என்பதுதான். இன்றைக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லாச் சைக்கிளும் நெட்டைப் பிள்ளைக்கும் குட்டைப் பிள்ளைக்கும் ஒரே கிராங்கோடுதான் வருகிறது. சீட்டைச் சரியாக ஏற்றிக் கொடுப்பதோடு என் கை முடிந்துவிடுகிறது.

கிராங்க் மாற்றுகிற இடத்தில் ஒரு எச்சரிக்கை. இடது கிராங்க் தனியாக விற்கும். வலது, செயின்வீலோடு விற்கும். கிராங்கை அச்சில் பிடித்து நிறுத்துகிற காட்டர் பின் தளர்ந்து ஆடி ஆடி இடது கிராங்கின் துளை அகன்றுவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் புதிது போடுவார்கள். பால்காரர் ஒருவர் இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலி என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை வேறு காரியமாக என்னிடம் விட்டிருந்தார். பெடலைச் சுற்றிவிட்டபோது நொண்டுகிற மாதிரி தெரிந்தது. இரண்டு பெடலையும் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து தரையிலிருந்து அளந்தேன். இடது பக்கம் அரை அங்குலம் தாழ்வு. வலதில் ஆறரை, இடதில் ஏழு. வேறெங்கோ மாட்டிய இடத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டார்கள். அந்த அரை அங்குலத்தை அவர் இடுப்புதான் தினமும் விடிகாலையில் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. உங்கள் வண்டியிலும் ஒருநாள் அளந்து பாருங்கள். ஸ்டாண்டு போட்டு ஒரு ஸ்கேல் வைத்தால் போதும்.

காட்டர் பின்னை மாட்டுவதிலும் இந்த நொண்டல் வரும். இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமிருந்து போக வேண்டும். ஒரே பக்கமிருந்து அடித்தால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. பின்னின் தட்டைப்பக்கத்தை அரத்தால் ராவி அச்சின் வெட்டில் முழுதும் படிகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். அடித்து நட்டை முறுக்கி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு வரச்சொல்லி மறுபடி முறுக்குவேன். வராதவர்கள் ஒரு மாதத்தில் ‘டக்… டக்’ என்ற சத்தத்தோடு வருவார்கள்.

பல் மாற்றுவது பல்லோடு முடிவதும் இல்லை. 18-ஐ எடுத்துவிட்டு 22 போட்டால் செயின் சுமார் ஒரு அங்குலம் இழுத்துக்கொள்ளும். பின்சக்கரம் அதில் பாதி, அரை அங்குலம், முன்னால் வந்தாக வேண்டும். ஏற்கெனவே முன்னால் இருந்தால் செயினில் கண்ணி சேர்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்தால் கம்பி பிரேக்கின் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். அதைச் சரிபார்க்காமல் அனுப்பினால் வண்டி லேசாக மிதிபடும், நிற்காது. அப்புறம் செயின். ஒரு அடி ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அரை நூல் தள்ளியிருந்தால் பரவாயில்லை. ஒரு நூல் தள்ளியிருந்தால் அந்தச் செயினைப் புதுப் பிரீவீலில் மாட்டக் கூடாது. நீண்டுபோன செயின் புதுப் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். வாடிக்கையாளர் ரெண்டுக்கும் காசு கொடுக்கத் தயங்குவார். அப்படியானால் பழைய பல்லே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அரைகுறையாக மாற்றுவதற்கு மாற்றாமல் இருக்கலாம்.

கன்னியாகுமரி போகிற பையன்கள் கொண்டுவருகிற வண்டிகள் வேறு இனம். ஒல்லி டயர், பிரேக்கே இல்லாத வண்டிகூட வந்திருக்கிறது. அதில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பின்காற்றில் மிதிக்காமல் வா என்ற என் உபதேசம் அவர்களுக்குச் செல்லாது. பல் கூடுதலாக வைத்துவிட்டால் இறக்கத்தில் கால் தெறித்துவிடும். அதனால் அவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்த்து நடுவில்தான் வைக்க வேண்டும். அங்கே சராசரி சரி. கிராங்கும் சின்னதாகவே, 165-க்குள் வைப்பார்கள். வளைவில் வண்டி சாயும்போது பெடலை நிறுத்தி மேலே தூக்க முடியாது, நீளக் கிராங்க் ரோட்டில் இடித்துத் தூக்கிப் போட்டுவிடும். ஒரு பையனின் பின்டயர் ஒரே இடத்தில் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. முன்னால் 48, பின்னால் 16. பெடலை இறுக்கிச் சறுக்கி நிறுத்துகிறவன். 48-ஐ 16-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3. அதே காலை முன்வைத்துச் சறுக்கினால் எப்போதும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். பின்னால் 17 போடு, பதினேழு இடத்தில் பிரிந்து தேயும் என்றேன். என்னிடம் அந்த 17 இல்லை. சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டான்.

அவர்கள் வண்டி சிலவற்றில் பின்ஹப்பின் இரண்டு பக்கமும் பல் இருக்கும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் வேறு கியர். பழைய ஏற்பாடுதான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937-க்கு முன்பு கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவில்லை. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

எங்கள் மீன்காரர் அதை வருஷத்துக்கு இரண்டு தடவை செய்கிறார். வைகாசியில் வந்து 22 போட்டுக்கொள்வார். கழற்றிய 18-ஐ மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, பேப்பரில் சுற்றிப் பெயர் எழுதி வைத்திருப்பேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து திரும்ப 18. கூலி மட்டும் வாங்குவேன். மற்றவர்களுக்கும் இப்படி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் 20 போட்டுக்கொண்டு போனவர்கள் பழைய 18-ஐக் கேட்டு வருவது அபூர்வம். ஒரு அலமாரித் தட்டு முழுக்க அந்தப் பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன. ஆள் வரவில்லையென்றால் அடுத்த வைகாசியில் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.